அரங்கேறாத பாட்டு

நூல் இயற்றுதல் வேறு. நூல் அரங்கேறுதல் வேறு. தமிழ் மரபு இவ்விரண்டையும் தனித்தனியே வைத்து எண்ணியது. புலவன் பாடி முடித்த அன்றே நூல் பிறந்துவிட்டதாக நம் முன்னோர் கருதவில்லை. சான்றோர் கூடிய அவையில் படிக்கப்பெற்று, எழுந்த தடைகளுக்கு விடை கூறப்பெற்று, ஏற்கப்பெற்ற பின்னரே அதனை நூலென்று நாடு கொண்டது. அவையேறாத நூல் ஆசிரியன் வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலைக்கட்டு, அவ்வளவே.

ஓலைக்கட்டுகளின் கதையை நாம் நன்கு அறிவோம். சீவக சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், மணிமேகலையை 1898-இலும் உ.வே. சாமிநாதையர் அச்சேற்றினார். அதே 1887-இல் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார். அந்நூல்கள் அதற்குமுன் இல்லாதவை அல்ல. இருந்தும் இல்லாதவையாக இருந்தன. வீடு வீடாகச் சென்று, படி ஒப்பிட்டு, வழுக் களைந்து, தம் பெயரைப் பொறுப்பாக இட்டு ஒருவர் வெளியிட்டபோதே அவை மீண்டும் தமிழர் உடைமை ஆயின.

இசை இயந்திரத்துக்குள் புகுந்த இருபதாம் நூற்றாண்டில் இக்கதை வேறொரு வடிவம் கொண்டது. பாடியவன் ஒருவன், பாட்டைப் பதிந்த நாடாவுக்கு உடையவன் மற்றொருவன். பாடி முடித்த பாட்டு உலகைச் சேருமா, நிலவறையில் உறங்குமா என்பதை முடிவு செய்யும் ஆற்றல் பாடியவனிடம் இல்லாமற் போயிற்று. அவ்வாறு அடைபட்டுக் கிடந்து, பின்னர் முறையாக வெளிவந்த சில இசைத் தொகுப்புகளின் வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாறு நம் தோட்டப்புறத் தமிழாசிரியர்க்கு ஒரு கடமையைச் சுட்டுகிறது என்பது என் துணிபு.

இப்பொருளை ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஏன் எடுத்தான் என்று சிலர் வினவக்கூடும். கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் உள்ள நம் பள்ளிகளில் இடைவேளை நேரத்தில் சற்றே நின்று செவி கொடுத்தால் விடை கிடைத்துவிடும். மேசைப் பலகையில் ஒருவன் விரலால் தாளமிட, மற்றொருவன் அத்தாளத்தின்மீது சொற்களை விரைந்து அடுக்கிச் செல்வான். அதனை அவர்கள் 'ரேப்' என்பர்; நற்றமிழில் சொல்லிசை எனப் பெயர் பெற்றுள்ளது. ஆசிரியருள் சிலர் அதனைக் கூச்சல் என்று அடக்குவர். அடக்குமுன் அதன் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நன்று.

பாட்டுக்கு உடையவர் யார்?

முதலில் நம் வீட்டுச் சான்று ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பாரதியார் மறைந்தது 1921-இல். ஏழாண்டுகளுக்குப் பின், 1928-இல், பர்மா அரசாங்கம் அவருடைய பாடல் நூல்களைத் தடை செய்தது. சென்னை அரசாங்கமும் அதனைப் பின்பற்றிப் படிகளைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனைக் கண்டித்து முழங்கினார். பின்னர் அத்தடை நீங்கிற்று. இஃது அரசு இட்ட பூட்டு. இதனைப் பலரும் அறிவர்.

பலர் அறியாத பூட்டு ஒன்று உண்டு. அப்பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை 1930-களில் இசைத்தட்டு வணிகர் ஒருவர் கைக்குச் சென்றது. 1940-களில் அது திரைப்படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. பாரதியார் பாடலொன்றைத் தம் படத்தில் பாட விழைந்த பிறர் தடையை எதிர்நோக்கினர். 1948-இல் வெளிவந்த 'பில்கணன்' படத்தையொட்டி வழக்கே எழுந்தது. நாட்டுக்காகப் பாடிய கவிஞனின் பாட்டை நாடு பாடுவதற்கு ஒருவர் இசைவு வேண்டுமா என்ற கேள்வி தமிழகமெங்கும் எழுந்தது. 1949-இல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமைகளைப் பெற்றுக்கொண்டது. பின்னர் பாரதியார் பாடல்கள் பொதுமக்கள் உடைமையாயின.

இச்சான்றில் நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. உரிமை வைத்திருந்தோர் பாரதியாரின் பகைவர் அல்லர். பாடல்களைப் பரப்பவும் செய்தனர். ஆயினும் சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும்வரை, பாட்டு வெளிவருவதும் வாராமையும் அவருடைய கணக்கைப் பொறுத்தவை ஆகிவிடுகின்றன. பகைமை இல்லாமலேயே பாட்டு அடைபடும். இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

நியூயார்க் நகரத்துப் பூட்டு

ஹிப் ஹாப் என்னும் கலை நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது. 1973 ஆகஸ்டு 11-ஆம் நாள், செட்ஜ்விக் சாலையிலுள்ள 1520-ஆம் எண் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்து இளைஞர் கூல் ஹெர்க் தம் தங்கையின் விருந்துக்கு இசைத்தட்டுகளைச் சுழற்றிய நிகழ்ச்சியை அதன் தொடக்கமாகக் கொள்வர். இசைக்கருவி வாங்க வழியில்லாதவர் இசைத்தட்டையே கருவியாக்கினர். பாட்டின் தாளப் பகுதியை மட்டும் நீட்டித்து அதன்மீது சொல்லடுக்கினர். ஏழ்மையில் பிறந்த கலை அது. 1979-இல் அது முதன்முதலாகப் பெருவெற்றி பெற்ற இசைத்தட்டாயிற்று. அன்று முதல் அக்கலையும் நிறுவனங்களின் பெட்டகத்துக்குள் புகுந்தது.

கே.எம்.டி. என்னும் குழுவின் கதை அப்பெட்டகத்தின் இயல்பைக் காட்டும். டேனியல் டுமில், அவர்தம் இளவல் சப்ராக் ஆகிய இருவரும் அக்குழுவின் தூண்கள். 1991-இல் அவர்களுடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. இரண்டாம் தொகுப்பாகிய 'பிளாக் பாஸ்டர்ட்ஸ்' உருவாகிக்கொண்டிருந்த 1993 ஏப்பிரலில் இளவல் சாலை விபத்தில் மாண்டார். தமையன் தனித்து நின்று பணியை முடித்தார். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச்சித்திர உருவம் ஒன்று தூக்கு மரத்தில் தொங்குவதாக அட்டைப்படத்தை அவரே வரைந்தார். இழிவைத் தூக்கிலிடுதலே அப்படத்தின் கருத்து. ஆயினும் அதனைக் குறித்துக் கண்டனம் எழவே எலெக்ட்ரா நிறுவனம் அஞ்சியது. 1994-இல் வெளியீட்டைக் கைவிட்டுக் குழுவையும் விலக்கிற்று. ஒரே ஆண்டு இடைவெளியில் தம்பியையும் தொகுப்பையும் இழந்த தமையன், இசையுலகை விட்டே சில காலம் ஒதுங்கினார்.

தொகுப்போ சாகவில்லை. களவுப் படிகள் கைமாறின. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் சிறு நிறுவனங்கள் வழியாக அது முறையாக வெளிவந்தது. அதற்குள் டுமில், உலோக முகமூடி அணிந்து எம்.எஃப். டூம் என்னும் பெயரில் மீண்டு வந்து புகழ் பெற்றிருந்தார். 2020-இல் அவர் மறைந்தபோது, முதலில் அடைபட்ட அத்தொகுப்பும் அவருடைய வரலாற்றில் உரிய இடத்தில் வைத்துப் பேசப்பட்டது. முறையான வெளியீடு நிகழாதிருந்தால் தம்பியின் கடைசி உழைப்பு களவுப் படிகளின் இரைச்சலுக்குள்ளேயே தேய்ந்திருக்கும்.

டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லாவின் கதை இதனினும் துயரமானது. பிறர் பாட்டுக்குத் தாளம் அமைத்துத் தருவதில் வல்லவர் எனப் பெயர் பெற்றவர் அவர். தாமே சொல்லிசைஞராக முன்வந்து, பெரும்பாலும் பிறர் அமைத்த தாளங்களின்மீது பாடி, 2000-களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. நிறுவனத்துக்காக ஒரு தொகுப்பு உருவாக்கினார். நிறுவனம் அதனை வெளியிடவில்லை. 2006 பிப்பிரவரியில், தம் 32-ஆம் வயதில், நோயுற்று அவர் இறந்தார். 'தி டயரி' என்னும் பெயரில் அத்தொகுப்பு வெளிவந்தது 2016 ஏப்பிரலில். பாடியவர் மறைந்து பத்தாண்டு கழிந்த பின்னர் அவர் குரல் அரங்கேறிற்று. கியூ-டிப் என்பாரின் 'கமால் தி அப்ஸ்ட்ராக்ட்' 2002-இல் விலை போகாதென்று ஒதுக்கப்பட்டு, 2009-இல் வெளிவந்தது. அவர் உயிரோடிருந்து அதனைக் கண்டார்.

இம்மூன்றிலும் பூட்டிய கைகள் வெவ்வேறு. ஒன்றில் அச்சம், மற்றவற்றில் வணிகக் கணக்கு. திறப்பதற்குக் கழிந்த காலம் ஆறாண்டு முதல் பதினான்கு ஆண்டு வரை. அக்காலத்தைத் திருப்பித் தர எந்த நிறுவனத்தாலும் இயலாது.

மாதங்கியின் வழக்கு

அயலார் கதையை விட்டு இனி நம் இனத்தவர் ஒருவரிடம் வருவோம். எம்.ஐ.ஏ. என உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975-இல் இலண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் அவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு சென்றனர். இலங்கையில் போர் மூண்டபின், பத்து வயதைக் கடந்த பருவத்தில், தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தார். ஆங்கிலத்தை அவர் பயின்றது அங்கே வந்த பின்னர்தான். தந்தை ஈழப் போராட்டத்தில் அருளர் என்னும் பெயரால் அறியப்பட்டவர். தாயின் பெயர் கலா. மகள் தம் முதல் தொகுப்புக்கு 'அருளர்' என்றும், 2007-இல் வந்த இரண்டாம் தொகுப்புக்குக் 'கலா' என்றும் பெயரிட்டார். பெற்றோர் பெயரை உலக அரங்கில் ஏற்றிய முறை இது.

'கலா' தொகுப்பு நமக்கு நெருக்கமானது. அமெரிக்கா சென்று அதனை உருவாக்கத் திட்டமிட்டிருந்த அவருக்கு 2006-இல் நுழைவிசைவு கிட்டவில்லை. அதனால் உலகின் பல மூலைகளுக்கும் சென்று பதிவு செய்தார். அவற்றுள் ஒன்று சென்னை. அங்கே உறுமி மேளக்காரர்களை அழைத்து வாசிக்கச் செய்து, அவ்வொலியைத் தம் பாட்டுகளின் முதுகெலும்பாக்கினார். இளையராசா 'தளபதி' படத்துக்கு அமைத்த இசையின் ஒரு துணுக்கும் அத்தொகுப்பின் முதற்பாட்டில் ஒலிக்கிறது. மாரியம்மன் திருவிழாவிலும் தைப்பூசத்திலும் நம் தோட்டத்து இளைஞர் தோளில் மாட்டி முழக்குகின்ற அதே உறுமிதான் அது. நம்மவருள் சிலர் முரட்டு மேளம் என்று ஒதுக்கிய கருவியை உலகம் கேட்டது.

இனி, அடைபட்ட கதைக்கு வருவோம். நான்காம் தொகுப்புக்கு அவர் தம் பெயரையே இட்டார்: 'மாதங்கி'. மாதங்கி என்பாள் சொல்லுக்கும் இசைக்கும் உரிய தேவி; மதுரை மீனாட்சியோடு வைத்து எண்ணப்படுபவள்; ஊரின் ஒதுக்குப்புறத்தாரோடும், பிறர் உண்டு எஞ்சிய மிச்சிலோடும் தொடர்புபடுத்தி வழிபடப்படுபவள். அகதிச் சிறுமியாக வளர்ந்த ஒருவர்க்கு இதனினும் பொருந்திய பெயர் கிடைத்தல் அரிது. தொகுப்பு 2012 இறுதியில் வரும் என்றனர், வரவில்லை. 2013 ஏப்பிரல் என்றனர், அப்போதும் வரவில்லை. அதன் தொனி நிறுவனத்தாருக்கு மிகையான நம்பிக்கையுடையதாகத் தோன்றியதென்று அவரே செய்தியாளரிடம் கூறினார். போரும் சினமும் பேசிய பெண் மகிழ்ச்சியாகப் பாடினால் விலை போகாதென்று கருதினர் போலும்! துன்பப்பட்டவரிடம் துன்பத்தை மட்டுமே வாங்கும் வணிகம் ஒன்று உலகில் உண்டு.

2013 ஆகஸ்டில் அவர் பொறுமையிழந்தார். இன்னும் காலம் கடத்தினால் தொகுப்பைத் தாமே இணையத்தில் கசியவிடப் போவதாக வெளிப்படையாக அறிவித்தார். சில நாள்களுக்குள் வெளியீட்டு நாள் உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் 'மாதங்கி' வெளிவந்தது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி, அவரோடு கலைக்கல்லூரியில் பயின்ற ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்துவந்த ஆவணப்படமும் 2013-இல் இத்தகைய இழுபறியிற் சிக்கித் தடைபட்டது. அது 2018-இல் முழுமை பெற்று சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டுச் சிறப்புப் பரிசும் பெற்றது. மாதங்கி காத்திருந்தது ஓராண்டளவே. டில்லாவின் தொகுப்பு காத்திருந்த காலத்தோடு ஒப்பிடின் அது சிறிது. ஆயினும் அப்பூட்டு திறந்ததற்குக் காரணம் காலமன்று. பாடியவர் உயிரோடிருந்து, உலகம் கேட்குமாறு தம் பாட்டைக் கேட்டு நின்றமையே.

வெளியீடு தருவது என்ன?

களவுப் படியாகவோ கசிவாகவோ ஊரெல்லாம் கேட்ட பாட்டுக்கு முறையான வெளியீடு எதற்கு என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஏட்டுப் படிகள் பல ஊர்களில் இருந்தபோது அச்சுப் பதிப்பு எதற்கு என்பது போன்றதே இது.

முதலாவது, பெயர். முறையாக வெளிவந்த தொகுப்பில் பாடியவர், தாளம் அமைத்தவர், உறுமி அடித்தவர், பதிவு செய்தவர் ஆகியோர் பெயர் குறிக்கப்படுகின்றன. களவுப் படிக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. இரண்டாவது, பாடம். எது முடிந்த வடிவம், எது வரைவு என்பது தெளிவாகிறது. பாட்டுகள் எந்த வரிசையில் வரவேண்டுமென்று படைத்தவர் கருதினாரோ அவ்வரிசை நிலைபெறுகிறது. மூன்றாவது, காலம். இன்ன ஆண்டில் இது பிறந்தது என்னும் குறிப்பின்றி வரலாறு எழுத இயலாது. முன்னோடி எவர், பின்பற்றியவர் எவர் என்னும் வழக்கைத் தீர்க்கவும் இயலாது. நான்காவது, ஊதியம். உழைத்தவர்க்கோ அவர்தம் வழியினர்க்கோ கூலி சேர வழி பிறக்கிறது.

பெயர், பாடம், காலம், கூலி ஆகிய இந்நான்கும் சேர்ந்தால்தான் பாட்டு வரலாற்றுக்குள் நுழைகிறது. இவை இல்லாத பாட்டு எத்துணை இனிதாயினும், கேட்டவர் செவியோடு அழிந்துபோகும்.

நம் நாட்டுச் சொல்லிசை

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நம் நாட்டைப் பார்ப்போம். மலேசியாவில் பொயட்டிக் அம்மோ என்னும் குழு 1998-இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலத்தோடு மலாய், தமிழ், சீனம் ஆகிய மொழிகளும் அக்குழுவினர் நாவில் புழங்கின. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் நட்சத்திரா என்னும் பெயரில் இணைந்து 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். தமிழ்ச் சொல்லிசைக்கு முன்னோடியாக அமைந்த தொகுப்புகளுள் அதற்குத் தனியிடம் உண்டு. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில், வாய்ப்புத் தேடும் இசைக்கலைஞன் ஒருவனின் கனவாக இளையராசா அமைத்த 'மடை திறந்து' என்னும் பாட்டை அவர்கள் புதுக்கிப் பாடினர். மலேசியத் தமிழிளைஞரின் அக்குரல் கடல் கடந்து தமிழகம் சென்றது. 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. திரைப்பாட்டைத் தமிழகத்திலிருந்து வாங்கியே பழகிய நாம், அங்கே ஒரு பாணியைக் கொடுத்த நிகழ்ச்சி இது.

தமிழாசிரியர் இதனைப் புறக்கணிக்கத் தேவையில்லை என்பதற்கு இலக்கணமே சான்று. நம் செய்யுளில் எதுகையும் மோனையும் அடியின் தலைப்பகுதியில் ஆட்சி செய்கின்றன. இறுதியில் வரும் ஒத்த ஒலிக்கு இயைபு என்று பெயர். மேனாட்டுச் சொல்லிசை இயைபையே பெரிதும் நம்புவது. தமிழில் சொல்லிசைக்கும் மாணவன், தான் அறியாமலேயே எதுகை, மோனை, இயைபு ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆள்கிறான். அருணகிரியார் திருப்புகழின் சந்த ஓட்டத்தையும் காவடிச் சிந்தின் துள்ளலையும் அவனுக்கு எடுத்துக்காட்டினால், தொடை இலக்கணம் அவன் நாவில் தானே வந்து அமரும். வகுப்பில் நான் கண்டு மகிழ்ந்த உண்மை இது.

தென்னமரத்து மண்ணில்

சொல்லிசைக்கு முன்பும் நம் தோட்டங்களில் பாட்டு இருந்தது. அப்பாட்டு என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை.

பெஸ்தாரி ஜெயா என்று இன்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்துள்ளது தென்னமரம் தோட்டம். பெயரே தமிழ். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது அங்கேதான், ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்ட முதலாளி. நம் பகுதியில் வாழ்ந்த அவர் இம்மண்ணைக் களமாகக் கொண்டு 'மலேசி' என்னும் புதினத்தை எழுதினார். 1930-இல் அது பிரான்சு நாட்டின் உயரிய கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றது. 'மலாயாவின் ஆன்மா' என்னும் பொருள்படும் பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது. மலாய் மக்களின் பந்துன் பாடல்கள் அந்நூலின் பக்கங்களை அணி செய்கின்றன. அவற்றை ஒருவர் கேட்டார், எழுதினார், அவை பாரிசில் அரங்கேறின.

அதே காலத்தில், அதே மண்ணில், விடியற்காலை இருட்டில் பால்மரக் காட்டுக்குள் சென்ற தமிழ்ப் பெண்டிர் பாடினர். அச்சம் தீரப் பாடினர். கங்காணியை ஏசிப் பாடினர். கப்பலேறி வந்த துன்பத்தைப் பாடினர். ஆயாக்கொட்டகையில் தாலாட்டு இருந்தது. இழவு வீட்டில் ஒப்பாரி இருந்தது. திருவிழாவில் உறுமியோடு கும்மியும் கோலாட்டமும் இருந்தன. பந்துனுக்குக் கிடைத்த செவி அவற்றுக்குக் கிட்டவில்லை. தென்னமரத்தில் விளைந்த பழக்குலைகள் எடை போடப்பட்டு ஏட்டில் ஏறின. பாட்டை எந்த ஏட்டிலும் எவரும் ஏற்றவில்லை.

பின்னர் காலம் மாறிற்று. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின. லயங்கள் இடிந்தன. தோட்டத்து மக்கள் ரவாங், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, கிள்ளான் முதலிய இடங்களிலுள்ள அடுக்குமாடி வீடுகளுக்கும் குடியிருப்புகளுக்கும் சிதறினர். பாட்டு ஊரோடு பிணைந்தது. ஊர் கலைந்தால் பாட்டும் கலையும். கூடியிருந்து கும்மியடித்தவர்கள் ஐந்தாம் மாடியில் தனித்திருந்து எப்படிக் கும்மியடிப்பர்?

எங்கள் பள்ளி மாணவர்க்கு இட்டபணியாகப் பாட்டிமாரிடம் பாட்டுக் கேட்டு வரச் சொன்னோம். எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரை நானும் சென்று கண்டேன். பால்மரம் வெட்டும்போது பாடியதைப் பாடுங்கள் என்றபோது அவர் நாணிச் சிரித்தார். "இதெல்லாம் ஒரு பாட்டா வாத்தியாரையா? சினிமாப் பாட்டு மாதிரி இருக்குமா இது?" என்றார். வற்புறுத்தியபின் பாடினார், இடையிடையே அடி மறந்து நின்றார். மறந்த அடியை எடுத்துக் கொடுக்க அவரோடு பாடிய தோழியர் எவரும் உயிரோடில்லை.

அவர் வினவிய வினாவை நான் பன்னாள் எண்ணிப் பார்த்தேன். நியூயார்க்கில் அடைபட்ட தொகுப்புக்கு ஒரு நிறுவனத்தைக் குற்றம் கூறலாம். இங்கே பூட்டியவர் எவர்? வெள்ளைக்காரத் துரையா? பதிவு நிறுவனமா? எவரும் பூட்டவில்லை. இது பாட்டன்று என்று அப்பெண்டிரை நம்பச் செய்த நம் சமுதாயத்தின் எண்ணமே பூட்டு. அச்சத்தால் அடைத்தவரைக் கெஞ்சலாம். கணக்கால் அடைத்தவரோடு வழக்காடலாம். இழிவெண்ணத்தால் அடைபட்டதைத் திறக்கச் சாவி வெளியே இல்லை.

அதனினும் கொடிது, நாடாவே இல்லாத நிலை. எம்.எஃப். டூமின் தொகுப்பு ஆறாண்டும் டில்லாவின் தொகுப்பு பத்தாண்டுக்கு மேலும் கிடந்து வெளிவர முடிந்ததற்குக் காரணம், எங்கோ ஒரு பெட்டியில் அவற்றின் ஒலிநாடா இருந்தமை. நம் தோட்டத்துப் பாட்டுக்கு அம்மூதாட்டியரின் நெஞ்சமே நாடா. அந்நாடாக்கள் ஆண்டுதோறும் அழிந்து வருகின்றன.

ஆசிரியர் கடமை

ஆகாத செயலன்று இது. செய்து காட்டியவர் நம்மிடையே உண்டு. தமிழாசிரியராகப் பணியாற்றிய முரசு நெடுமாறன், சிதறிக் கிடந்த இந்நாட்டுக் கவிதைகளைத் தேடித் திரட்டி, 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருநூலை 1997-இல் வெளிக்கொணர்ந்தார். பழைய ஏடுகளில் மடிந்திருக்க வேண்டிய பல பாடல்கள் அதனால் பெயரும் காலமும் பெற்றன. எழுதப்பட்ட கவிதைக்கு அவர் செய்த தொண்டைப் பாடப்பட்ட பாட்டுக்கு நாம் செய்தல் வேண்டும்.

வழி எளியது. இன்று ஒவ்வொரு மாணவன் வீட்டிலும் கைப்பேசி உண்டு. ஒலிப்பதிவுக் கருவி அதனுள்ளேயே இருக்கிறது. பாடியவர் இசைவு பெற்று, அவர் பெயர், பிறந்த ஆண்டு, வாழ்ந்த தோட்டம், பாட்டைக் கற்றது எவரிடம், பாடியது எந்த வேளையில் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டைக் கேட்டபடியே எழுத வேண்டும். கொச்சை என்று திருத்தலாகாது. ஆபாசம் என்று வெட்டலாகாது. திருத்தியும் வெட்டியும் வெளியிடுவது வேறொரு வகைப் பூட்டேயாம். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்குப் பத்துப் பாட்டுத் திரட்டினாலும் போதும். சில ஆண்டுகளில் ஒரு வட்டாரத் தொகுப்பு உருவாகும். கோலசிலாங்கூர் வட்டாரப் பள்ளிகள் இதனைத் தொடங்கிவைக்கலாம்.

அதன் பின்னர், மேசையில் தாளமிடும் மாணவனிடம் அப்பாட்டைக் கொடுக்கலாம். கொள்ளுப்பாட்டி கங்காணியை ஏசிய அடிகளை அவன் தன் தாளத்தில் சொல்லிசைக்கட்டும். பிராங்ஸ் நகர்ப்புறத்து ஏழைகள் பழைய இசைத்தட்டைச் சுழற்றிப் புதுப்பாட்டுச் செய்தனர். மாதங்கி சென்னைத் தெருவின் உறுமியைக் கொண்டு உலகப் பாட்டுச் செய்தார். நம் மாணவனுக்கு மட்டும் முதல் இல்லையா? இருக்கிறது, அவனுடைய பாட்டியின் நெஞ்சில் இருக்கிறது. அதனை அவனிடம் கொண்டு சேர்ப்பவர் எவர் என்பதே கேள்வி.

அரங்கேற்றத்துக்குப் பெரிய அவை வேண்டுவதில்லை. பள்ளி மண்டபம் போதும். முன்வரிசையில் அம்மூதாட்டியரை அமர்த்தி, அவர் பெயரை உரக்கச் சொல்லி, அவர் பாட்டை அவர் முன்னிலையிலேயே ஒரு பிள்ளை பாடினால், அதுவே முறையான வெளியீடு. இதெல்லாம் ஒரு பாட்டா என்ற வினாவுக்கு அவர் வாழுங்காலத்திலேயே விடை கூறிவிட வேண்டும்.